2005 பொங்கலுக்கு முன்பு ரங்கூனிலிருந்து சென்னைக்கு அம்மா பேசியது எந்த மென்பொருளில்?

பதிவு 1 — மொகல் தெரு மகன் (யாங்கோன்)

அனைவருக்கும் வணக்கம். 2025 மே 5ஆம் தேதியுடன் ஸ்கைப் சேவை நிறுத்தப்பட்டது என்ற செய்தியை வீட்டில் படித்துக் காட்டியபோது, "நானும் தங்கச்சியும் மொதல்ல பேசுனது அதுலதானா?" என்று என் அம்மா கேட்டார். இல்லை, அது ஜிடாக் (கூகுளின் அரட்டை, பேச்சு மென்பொருள்) என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது சரியா என்ற ஐயம் வந்தது. பேரப்பிள்ளைகளுக்காகக் குடும்ப வரலாற்றைச் சிறிது சிறிதாக எழுதி வருகிறேன். அதில் இந்த ஒரு நாளைப் பற்றித் தவறாக எழுதிவிடக் கூடாது என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

1965இல் தாத்தாவும் பாட்டியும் சித்தியை அழைத்துக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அம்மாவுக்கு அப்போது 18 வயது, திருமணமாகியிருந்ததால் இங்கேயே தங்கிவிட்டார். சித்திக்கு 14 வயது. அதன் பிறகு இருவருக்கும் இடையே கடிதம் மட்டுமே இருந்தது. இருவரும் பள்ளிக்கூடம் போகாதவர்கள் என்பதால், வந்த கடிதமும் போன கடிதமும் வேறு யாரோ எழுதி வேறு யாரோ படித்துக் காட்டியவை. ஒருவர் குரலை மற்றவர் 40 ஆண்டுகள் கேட்டதே இல்லை.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது சித்தியின் மூத்த மகன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கடிதத்துக்காகக் காத்திருக்க அம்மாவுக்கு மனம் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று மின்னஞ்சலில் பதில் வந்த பிறகும், தங்கை வாயால் கேட்டால்தான் சாப்பிடுவேன் என்றார். பொங்கலுக்குச் சில நாள்களுக்கு முன், எங்கள் பகுதியில் மாடிப்படிக்குக் கீழே மூன்று கணினி வைத்திருந்த ஒரு கடைக்கு அவரை அழைத்துப் போனேன். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நோட்டில் எழுதிவிட்டு உட்கார்ந்தோம். ஹெட்செட்டின் ஒரு காதில் பஞ்சு உதிர்ந்திருந்ததால் கைக்குட்டையைச் சுற்றி அம்மாவின் காதில் வைத்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மின்சாரம் இல்லை; ஜெனரேட்டரைப் போட்ட பிறகுதான் கணினி எழுந்தது.

இரு பக்கமும் பேச்சு முடியும் இடத்தில் "ஆச்சு" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பய நல்லா இருக்கான் அக்கா, ஆச்சு" என்பார் சித்தி. "அவன் சாப்புட்டானா, ஆச்சு" என்பார் அம்மா. அப்படிச் சொல்ல வேண்டும் என்று கடைப் பையன் சொல்லிக்கொடுத்திருந்தான். திரை எப்படி இருந்தது என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் கடைகளில் என்ன மென்பொருள் இருந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 — பகோ இளையவன்

வணக்கம் அண்ணா. அது ஜிடாக்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பர்மாவில் இணையம் என்றாலே ஜிடாக் என்று இருந்த காலத்தில்தான் நான் வளர்ந்தேன். கடைக்குள் நுழைந்தால் எல்லாத் திரைகளிலும் அந்தச் சின்னச் சாளரமும் பச்சைப் புள்ளியும்தான் தெரியும். கைபேசி சிம் கார்டு விலை ஆயிரம் டாலருக்கும் மேல் இருந்த நாளில், ஒரு ஆளைத் தேட வேண்டும் என்றால் அவர் கைபேசி எண்ணை யாரும் கேட்க மாட்டார்கள், "உங்க ஜிடாக் என்ன?" என்றுதான் கேட்பார்கள். 1500 கியாட்டுக்குச் சிம் கிடைத்ததெல்லாம் 2014இல் ஊரிடூ, டெலினார் ஆகிய வெளிநாட்டுக் கைபேசி நிறுவனங்கள் வந்த பிறகுதான்.

"ஆச்சு" என்று சொன்னது பழைய ட்ரங்க் கால் பழக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தலைமுறையினர் தொலைபேசியில் எப்போதுமே அப்படித்தான் பேசினார்கள்.

பதிவு 3 — வியாசர்பாடி மகள் (சென்னை)

எங்கள் பெற்றோரும் 1964இல் ரங்கூனிலிருந்து வந்தவர்கள்தான். இந்த இழையைப் படித்துவிட்டு என் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டார்.

தம்பி, நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துப் பார்த்தால் அது ஜிடாக்காக இருக்க முடியாது. கூகுள் அதை வெளியிட்டது 2005 ஆகஸ்ட் 24ஆம் தேதி. சுனாமிக்கு அடுத்த பொங்கல் என்றால் ஏழு மாதம் முந்தியது. ஒன்று ஆண்டை மாற்றிச் சொல்கிறீர்கள், இல்லையென்றால் மென்பொருளை மாற்றிச் சொல்கிறீர்கள். காசிமேட்டுப் பையனைப் பற்றிக் கேட்கத்தான் பேசினார்கள் என்பதால் ஆண்டு தவறாக இருக்க வாய்ப்பில்லை.

2003 முதல் மூன்று ஆண்டுகள் பெரம்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்தேன். மணிக்கு 20 ரூபாய் வாங்கினோம். இந்தியாவில் இணையம் வழியாகப் பேசுவதே 2002 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்துதான் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் ஹெட்செட்டை வெளியே வைக்கவே முதலாளிகள் பயப்படுவார்கள். நான் இருந்த காலத்தில் எங்கள் கணினிகளில் யாகூ மெசஞ்சரும் எம்எஸ்என் மெசஞ்சரும் கட்டாயம் இருக்கும். ஸ்கைப் 2003 ஆகஸ்டில் வந்துவிட்டது என்றாலும் எல்லாக் கணினியிலும் போடவில்லை, கேட்டவர்களுக்கு மட்டும் இறக்கிக் கொடுத்தோம். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பேச வந்தவர்கள்தான் அதிகம். ரங்கூனுக்குப் பேச எங்கள் பேட்டை ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு இணைப்பு கிடைத்தால் நாங்கள் மணிக்கணக்குப் பார்த்ததில்லை.

பதிவு 4 — ஓய்வுபெற்ற தந்திக்காரர் (மோலமியைன்)

தொலைத்தொடர்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன். "ஆச்சு" என்ற அந்தச் சொல்லை வைத்தே மென்பொருளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1995 பிப்ரவரியில் இஸ்ரேலின் வோகால்டெக் நிறுவனம் 'இன்டர்நெட் ஃபோன்' என்ற மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 486 ரகக் கணினி, சவுண்ட் கார்டு, மைக், நொடிக்கு 14.4 கிலோபிட் அனுப்பும் மோடம் ஆகியவை இருந்தால் உலகின் மறுகோடியில் இருப்பவருடன் உள்ளூர் இணைப்புச் செலவில் பேசலாம் என்பதே அதன் புதுமை. பேச வேண்டியவர் இணைப்பில் இருக்கிறாரா என்று அறிய அந்தத் தொலைபேசிக்குச் சொந்த வழி எதுவும் இல்லை. 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் எழுதிய ஐஆர்சி என்ற எழுத்து அரட்டை முறையின் சர்வர்களில் போய்த்தான் அது ஆளைத் தேடியது. தொலைபேசி அரட்டையின் தோளில் ஏறி வந்தது என்று இதைச் சொல்வேன். 1996 நவம்பரில் வந்த ஐசிக்யூ, நண்பர்களில் யார் இப்போது இருக்கிறார் என்று பட்டியலாகவே காட்டியது. பிற்காலத்து யாகூ, எம்எஸ்என், ஜிடாக் எல்லாவற்றிலும் நாம் பார்த்த ஆள் பட்டியலைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது அதுதான்.

அதே 1996இல் இங்கே கணினிச் சட்டம் வந்தது. முன் அனுமதி பெற வேண்டிய கணினிக் கருவியை அனுமதியின்றி வைத்திருப்பவருக்கு 7 முதல் 15 ஆண்டு வரை சிறை என்று அது சொன்னது. ஆகவே உலகம் கற்றுக்கொண்ட முதல் பாடங்கள் எவற்றையும் நாம் படிக்கவில்லை. 2002இல் பகான் சைபர்டெக் என்ற இணையச் சேவை நிறுவனம் வந்து, கடைகள் மெல்ல முளைத்த பிறகு, நடுவிலிருந்து படிக்கத் தொடங்கினோம்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். சாதாரணத் தொலைபேசியில் ஒரு குரல் நொடிக்கு 64 கிலோபிட் எடுத்துக்கொள்ளும். 14.4 கிலோபிட் மோடத்தில் அது நுழையாது. எனவே பேச்சைப் பிழிந்து சுருக்கும் முறைகள் வந்தன, ஜி.723.1 என்ற முறை ஒரு குரலை 6.3 கிலோபிட்டில் அடக்கியது. அது போதும் என்று தோன்றும், ஆனால் போதாது. பேச்சை வெட்டிப் பொட்டலமாக அனுப்பும்போது ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் முகவரி எழுத வேண்டும், அந்த முகவரி மட்டும் 40 பைட். 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் என்றால் நொடிக்கு 50 பொட்டலம். முகவரிகளே 16 கிலோபிட் ஆகிவிடும். உறைக்குள் ஒரு சொல்கூடப் போடாத நிலையிலேயே மோடம் நிரம்பிவிடுகிறது! ஆகவே 60 மில்லிநொடிப் பேச்சைச் சேர்த்து ஒரே உறையில் போட்டார்கள். முகவரிச் செலவு ஏறத்தாழ 5.3 கிலோபிட்டாக இறங்கியது, பேச்சையும் சேர்த்தால் 11.6. இப்போது நுழையும். ஆனால் உறை நிரம்பும்வரை காத்திருக்கும் நேரம் கூடியது. வழியில் முன்பின்னாக வரும் உறைகளை வரிசைப்படுத்த அந்தப் பக்கமும் சிறிது நேரம் பிடித்துவைக்க வேண்டும். மெல்லிய கம்பியில் குரலை அனுப்ப நாம் கொடுத்த விலை, காலதாமதம்.

இதற்கும் "ஆச்சு" என்பதற்கும் உள்ள தொடர்பு வேறு. தொடக்கக் காலத்துச் சவுண்ட் கார்டுகள் பல, ஒரே நேரத்தில் பதிவு செய்யவும் ஒலிக்கவும் தெரியாதவை. அதனால் வோகால்டெக்கின் முதல் மென்பொருளில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கத்தான் முடியும், காவல் துறை வாக்கிடாக்கி போல. சவுண்ட் கார்டுகள் தேறிய பிறகும் யாகூ மெசஞ்சரின் குரல் அரட்டை மட்டும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. அதில் 'டாக்' என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் நம் குரல் போகும். ட்ரூஸ்பீச் என்ற 8.5 கிலோபிட் சுருக்க முறையை அது பயன்படுத்தியது. குரல் யாகூவின் சொந்த சர்வர் வழியாகச் சென்றதால் இரு பக்கமும் சில சிக்கலான வலையமைப்புகளுக்குப் பின்னால் இருந்தாலும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

ஸ்கைப்பில் பொத்தானை அழுத்தும் வேலையே இல்லை, இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். ஆகவே அந்தத் தாயார் பேசியது யாகூவில் என்பது என் கணிப்பு. மகனிடம் ஒரு கேள்வி: பேசும்போது யாராவது எதையாவது அழுத்திப் பிடித்திருந்தார்களா?

பதிவு 5 — பகோ இளையவன்

ஐயா, என் முந்தைய பதிவில் "ஐயமே இல்லை" என்று எழுதியதற்கு வருந்துகிறேன். ஆண்டுகளை நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது 9 வயது. நான் பார்த்தது முழுவதும் 2007க்குப் பிந்தைய கடைகளை.

ஆனால் ஜிடாக் ஏன் இங்கே அப்படி வேரூன்றியது என்பதையும் இந்த இழையில் பதிய விரும்புகிறேன். 2006 நடுவில் ஜிமெயில், ஜிடாக், ஸ்கைப் மூன்றையும் அடைத்தார்கள், ஆனாலும் தடையைச் சுற்றிப் போக உதவும் ப்ராக்சி வழியாக ஜிடாக் உயிரோடு இருந்தது. அது மிகச் சிறிய மென்பொருள், இறக்குவதற்கு நேரம் பிடிக்காது. ஸ்கைப் பல மடங்கு பெரியது. அதோடு அதன் அமைப்பில் நல்ல இணைப்புள்ள கணினி மற்றவர்களின் அழைப்புகளுக்கும் வழிகாட்டும் வேலையைச் சுமக்க நேரிடும். மெல்லிய இணைப்பை நம்பிக் கடை நடத்துபவருக்கு அது பிடிக்காது. குரல் மட்டும் போதாது, முகமும் தெரிய வேண்டும் என்றவர்கள் விசோசாட் என்பதைப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு பேச ஸ்டார்ஹப் நிறுவனத்தின் பிஃபிங்கோவும் இருந்தது. 2011 மார்ச்சில் கடைகளில் இணைய அழைப்புக்கே தடை என்று அஞ்சல், தொலைத்தொடர்புத் துறை அறிவித்தபோது என் அண்ணன் மலேசியாவில் இருந்தார். அந்த வாரம் அம்மா என்னை நாள்தோறும் கடைக்கு அனுப்பி, திறந்துவிட்டார்களா என்று பார்த்து வரச் சொன்னார்.

பதிவு 6 — மோலமியைன் ஆசிரியை

தந்திக்கார ஐயாவின் விளக்கம் அருமை. ஆயினும் "ஆச்சு" என்ற ஒரு சொல்லை மட்டும் சான்றாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

என் தங்கை திருச்சியில் இருக்கிறாள். 2008இல் நர்கிஸ் புயலுக்குப் பிறகு நாங்கள் ஜிடாக்கில்தான் பேசினோம், அதில் பொத்தான் எதுவும் கிடையாது. ஆனால் தாமதம் அவ்வளவு இருந்தது. நான் கேட்ட கேள்வி போய்ச் சேர்வதற்குள் அவள் வேறு ஒன்றைத் தொடங்கிவிடுவாள், இருவரும் ஒரே நேரத்தில் "ஆ?" என்போம், பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவோம். மூன்றாம் நாள் நாங்களாகவே ஒரு முறை வகுத்துக்கொண்டோம். பேசி முடித்தவர் "நீ சொல்லு" என்று சொல்ல வேண்டும். ஆகவே பொத்தான் இல்லாத மென்பொருளிலும் மக்கள் முறை வைத்துப் பேசினார்கள். ஒருவழிப் பேச்சு என்பதற்கு அந்தச் சொல் போதுமான ஆதாரம் ஆகாது.

எழுத்து அரட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாமதத்தைப் பொறுக்கும் தன்மை எழுத்துக்கு உண்டு, இணைப்பு அறுந்தாலும் எழுதியது கிடைக்கும். ஆனால் நம் ஊரில் தமிழ் பேசத் தெரிந்த எத்தனை பேருக்கு அன்று தமிழ் எழுதத் தெரியும்? 1960களில் நம் பள்ளிகள் கைவிட்டுப் போன பிறகு, கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அரிச்சுவடி படித்தவர்கள்தான் மிஞ்சினார்கள். அவர்களுக்கும் கணினியில் எழுத்துரு கிடைக்காது. திஸ்கி என்ற குறிமுறையில் தங்கை அனுப்பியதை இங்கே திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். பர்மிய மொழிக்கு ஜாஜி என்ற எழுத்துரு வந்து அரட்டை அடிக்க முடிந்த பிறகும், நாங்கள் அக்கா தங்கை இருவரும் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிக்கொண்டிருந்தோம். "பழம்" என்று எழுதினாளா "பலம்" என்று எழுதினாளா என்று படித்த பிறகு யோசிக்க வேண்டும். குரல் என்றால் அந்த ழகரம் காதில் விழும். எங்கள் தாய்மார்களுக்கோ குரலைத் தவிர வேறு வழியே இல்லை.

பதிவு 7 — ஓய்வுபெற்ற தந்திக்காரர்

ஆசிரியை அம்மா சொல்வது நியாயம். நான் அவசரப்பட்டுவிட்டேன். வாயிலிருந்து காதுவரை ஒருவழிக்கு 150 மில்லிநொடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. நம் கடைகளில் அது எத்தனையோ மடங்கு கடந்திருக்கும். தாமதம் அந்த அளவுக்கு இருந்தால் பொத்தான் இல்லாமலும் இதே பழக்கம் வரும்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. தாமதத்தால் வரும் முறை, பேசிப் பேசித் தடுமாறிய பிறகு பேசுபவர்களே வகுத்துக்கொள்வது, உங்கள் வீட்டில் மூன்றாம் நாள் வந்ததைப் போல. இந்தத் தாயாருக்கோ முதல் நாளே, பேசத் தொடங்கும் முன்பே, கடைப் பையன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவனுக்கு அந்தச் சொல் எதற்காகத் தேவைப்பட்டது என்பதுதான் கேள்வி.

மற்றொரு தகவல், தம்பி பகோ இளையவனுக்காக. ஜிடாக்கின் குரல் ஓரளவு நன்றாக இருந்ததற்குக் காரணம், குளோபல் ஐபி சவுண்ட் என்ற நிறுவனத்தின் நுட்பம். இணைப்பு மெலிந்தால் தானாகவே சுருங்கிக்கொள்ளும் ஐசாக் என்ற சுருக்க முறை அவர்களுடையது. தொடக்கக் கால ஸ்கைப்பும் அவர்கள் நுட்பத்தையே வாங்கியது. 2010இல் அந்த நிறுவனத்தைக் கூகுள் வாங்கி, அடுத்த ஆண்டு அந்த நிரலை வெப்ஆர்டிசி என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்று உலாவியிலேயே பேச முடிவதற்கு அதுதான் அடிப்படை.

பதிவு 8 — வியாசர்பாடி மகள்

எங்கள் கடையில் யாகூவில் பேச வந்த வயதானவர்களுக்கு மவுஸை அழுத்திப் பிடிக்க வராது. விரல் நழுவும், பாதிப் பேச்சு போகாது. அதனால் நாங்கள் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்வோம். அந்த 'டாக்' பொத்தானுக்குப் பக்கத்தில் கையை எடுத்தும் பேசலாம் என்று ஒரு கட்டம் உண்டு, அதை டிக் செய்தால் அழுத்த வேண்டாம். ஆனால் எங்கள் கடையில் மின்விசிறிச் சத்தத்தையே பேச்சு என்று எடுத்துக்கொண்டு இணைப்பை அடைத்துவிடும் என்பதால் அதை நாங்கள் தொடுவதில்லை. தம்பி, ஜெனரேட்டர் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தத்தில் உங்கள் கடைப் பையனும் அதைத் தொட்டிருக்க மாட்டான். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பதிவு 9 — மொகல் தெரு மகன்

அக்கா, ஐயா, அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவிடம் கேட்டேன். எதையும் நானாகச் சொல்லிக்கொடுக்காமல், "அன்னைக்குக் கை எங்கேம்மா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

வலது கை கைக்குட்டை சுற்றிய ஹெட்செட்டைப் பிடித்திருந்ததாம். இடது கை கடைப் பையனின் தோளில் இருந்ததாம். அவன் அருகில் குந்தியபடி மவுஸை அழுத்திப் பிடித்திருந்தான். ஜெனரேட்டர் சத்தத்தில் அம்மா பேசி முடித்தது அவனுக்குச் சரியாகக் கேட்காது என்பதால், "ஆச்சு" என்று சொல்லும்போதே தோளில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தான். தட்டியதும் விரலை எடுப்பான், சித்தியின் குரல் வரும். சித்தி பக்கம் யார் பிடித்திருந்தார்கள் என்று இன்று காலை வாட்ஸ்அப்பில் கேட்டேன். காசிமேட்டுப் பையன்தானாம்.

நான் அம்மாவின் மறுபக்கம் நின்றதால் இவை எதையும் பார்க்கவில்லை. குடும்ப வரலாற்றில் ஜிடாக் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு யாகூ மெசஞ்சர் என்று எழுதிவிட்டேன். அந்தப் பையனின் பெயர் அம்மாவுக்கு நினைவில்லை, 15 வயது இருக்கும் என்கிறார். அவ்வளவு நேரமும் அவன் விரலை எடுத்து எடுத்து வைத்ததையும் அதே பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.